சதாரங்: பாட்டுக்குள் பெயரை வைத்துச் சென்ற தில்லிக் கலைஞர்

சதாரங் என்ற முத்திரைப் பெயரால் அறியப்படும் நியாமத் கான், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தில்லி முகலாய அரசவையில் புகழின் உச்சியில் இருந்த இசைக் கலைஞர். வடக்கே பீன் என்று சொல்லப்படும் ருத்ர வீணையில் நிகரற்றவர். துருபத் என்ற பழைய பாட்டு மரபில் வந்த பாடகர். இன்று இந்துஸ்தானி கச்சேரியின் நடுநாயகமாக விளங்கும் கயால் வடிவத்துக்கு நிலைத்த பாடல்களை இயற்றித் தந்தவர். அவர் முத்திரையைத் தாங்கிய பாடல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழிந்த பின்னும் வட இந்திய மேடைகளில் அவை நாள்தோறும் பாடப்படுகின்றன.

அவர் 1670ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அப்போது ஔரங்கசீப் ஆட்சி. அந்தப் பேரரசர் இசையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார் என்ற கதை பள்ளிப் பாடங்கள் வரை பரவியிருக்கிறது. உண்மை வேறு. ஔரங்கசீப் 1660களின் இறுதியில் தாம் பாட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். ஆனால் இளவரசர்களின் மாளிகைகளிலும் பிரபுக்களின் வீடுகளிலும் இசை நிற்கவில்லை. ஃபகீருல்லா என்ற பிரபு ‘ராக தர்ப்பண்’ என்ற இசை நூலைப் பாரசீக மொழியில் எழுதி முடித்தது அதே ஆட்சியில்தான். கயால் என்ற பாட்டு வகை தில்லியில் பாடப்பட்டு வந்ததை அந்த நூல் பதிவு செய்கிறது. ஆகவே கயாலைக் கண்டுபிடித்தவர் சதாரங் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. அது அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அவர் செய்த காரியம் வேறு. அதைப் புரிந்துகொள்ள அந்நாளைய கலைஞர்களின் குடிப் பிரிவுகளைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

முகலாய அரசவையில் இசை பரம்பரைத் தொழில். எல்லாருக்கும் மேலான இடத்தில் இருந்தவர்கள் கலாவந்துகள். துருபத் பாடுவதும் பீன் வாசிப்பதும் அவர்கள் உரிமை. அக்பரின் அவையில் இருந்த தான்சேனை அவர்கள் தங்கள் மூதாதையாகக் கொண்டாடினர். கவ்வால்கள் வேறு குடியினர். நிஜாமுதீன் அவுலியா தர்கா போன்ற சூஃபித் தலங்களைச் சுற்றி வாழ்ந்த அவர்கள், கவிஞர் அமீர் குஸ்ரோவின் மரபில் வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டனர். கயாலும் தரானா என்ற பாட்டு வகையும் அவர்களுடைய சொத்து. தவிர டாடிகள் என்ற பாடகர் குடியினர் இருந்தனர். பிரபு வீட்டுப் பெண்கள் கூடும் இடங்களில் பாடிய டோம்னிகள் இருந்தனர். யார் எந்தப் பாட்டைப் பாடலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தது.

நியாமத் கான் கலாவந்துக் குடியில் பிறந்தவர். தான்சேனின் மகள் சரஸ்வதியை மணந்த பீன் கலைஞர் நௌபத் கானின் வழியில் வந்தவர் என்று மரபு சொல்கிறது. அப்படிப்பட்ட ஒருவர், கவ்வால்களின் பாட்டு வடிவத்தைக் கையில் எடுத்து, அதற்குத் துருபத்தின் ராகக் கட்டுப்பாட்டையும் கனத்தையும் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையின் முக்கியமான செயல் இதுதான். தர்காவின் பாட்டு தர்பாருக்குள் சமமான உரிமையோடு நுழைய, உயர்குடிக் கலைஞர் ஒருவரே கதவைத் திறந்துவிட்டார்.

ஔரங்கசீப் 1707இல் இறந்தபின் தில்லி அரியணை சில ஆண்டுகள் ஆட்டம் கண்டது. 1712இல் பட்டத்துக்கு வந்த ஜஹாந்தார் ஷா, லால் குன்வர் என்ற பாடகியிடம் மனத்தைப் பறிகொடுத்தவர். அவளுடைய உறவினர்களான கலாவந்துகளுக்குப் பட்டங்களும் பதவிகளும் வாரி வழங்கப்பட்டன. அவர்களில் ஒருவருக்கு ஒரு மாகாண ஆளுநர் பதவி தரும் ஆணை வந்தபோது, அமைச்சர் சுல்பிகர் கான் வழக்கமான காணிக்கைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் தம்பூராக்களைக் கேட்டாராம். பாடகர்கள் ஆளுநர்களானால் ஆளுநர்கள் எல்லாரும் இனிப் பாட்டுக் கற்க வேண்டியதுதானே என்று பேரரசரிடம் விளக்கம் சொன்னாராம். அக்கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்த கதை இது. இசைக் கலைஞர்கள் பதவிக்கு வருவதைப் பிரபுக்கள் எவ்வளவு வெறுத்தனர் என்பது இதில் தெரிகிறது. ஓராண்டுக்குள் ஜஹாந்தார் ஷா கொல்லப்பட்டார். கலைஞர்களின் செல்வாக்கும் அதோடு சரிந்தது.

1719இல் முகம்மது ஷா பட்டம் ஏறியபோது அவருக்கு வயது 17. பேரரசு மாகாணம் மாகாணமாகக் கழன்றுகொண்டிருந்த காலம் அது. ஹைதராபாத், அவத், வங்காளம் மூன்றும் படிப்படியாகப் பெயரளவுக்கு மட்டுமே தில்லிக்குக் கட்டுப்பட்டவை ஆயின. ஆட்சித் திறனில் இந்த அரசரைப் புகழ்வார் அதிகம் இல்லை. ஆனால் அவருடைய 29 ஆண்டு ஆட்சியில் தில்லி கலைகளின் தலைநகராக மீண்டும் எழுந்தது. ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் வானியல் ஆராய்ச்சிக்காக ஜந்தர் மந்தரைக் கட்டியது இவர் காலத்தில். தக்காணக் கவிஞர் வலியின் பாடல் தொகுப்பு தில்லிக்கு வந்து உருதுக் கவிதைக்குப் புது ஊக்கம் தந்ததும் இவர் காலத்தில்தான். நிதா மல், சித்தர்மன் போன்ற ஓவியர்கள் அவையில் இருந்தனர். ‘ரங்கீலா’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். இசைக்கு அவர் வெறும் புரவலராக மட்டும் இருக்கவில்லை. நுணுக்கம் அறிந்த ரசிகராகவும் இருந்தார். நியாமத் கானின் புகழ் இந்த அவையில்தான் ஓங்கியது. அப்போது அவர் ஐம்பதை நெருங்கிய முதிர்ந்த கலைஞர்.

அரசருக்கும் கலைஞருக்கும் இடையே ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டதாக இசைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. அந்நாளில் பீன் பெரும்பாலும் பாட்டுக்குத் துணையான வாத்தியம். பாடகருக்குப் பின்னால் அமர்ந்து, அவர் பாடுவதைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும். நியாமத் கான் இதை இழிவாக நினைத்தார், மறுத்தார், அரசரின் கோபத்துக்கு ஆளாகி அவையை விட்டு வெளியேறினார். மறைந்து வாழ்ந்த காலத்தில் கவ்வால் குடும்பத்துச் சிறுவர் இருவருக்குத் தாம் இயற்றிய கயால்களைச் சொல்லிக் கொடுத்தார். பாட்டில் தம் உண்மைப் பெயரை வைக்கவில்லை. சதாரங் என்ற புனைபெயரை வைத்து, அதன் பக்கத்தில் முகம்மது ஷாவின் பெயரையும் சேர்த்தார். அந்தச் சிறுவர்கள் பிறகு அரசர் முன் பாடினார்கள். தம் பெயரைப் பாட்டில் கேட்டு வியந்த அரசர், இயற்றியவர் யார் என்று விசாரித்து, உண்மை அறிந்து, மன்னித்து அழைத்துக்கொண்டார்.

இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. அவர் மறைந்திருந்த ஊர் லக்னோ என்று சிலர் சொல்வதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. என்றாலும் கதைக்குள் இரண்டு மெய்கள் இருக்கின்றன. பீன் கலைஞர்கள் துணை வாத்தியக்காரர் என்ற நிலையை ஏற்காமல் தனித்து வாசிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில் நடந்த மாற்றம். கயாலைக் கலாவந்துக் கலைஞர் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமல் கவ்வால்களுக்குக் கற்பித்தார் என்பதும் பிற்கால நிலைமையோடு பொருந்துகிறது. சதாரங்கின் சொந்தக் குடும்பம் துருபத்திலும் பீனிலும் நின்றது. அவருடைய கயால்களைப் பாடிப் பரப்பியவர்கள் பெரும்பாலும் வெளிக் குடும்பத்தார்.

கயால் என்பது அமைப்பில் சிறிய பாட்டு. துருபத்தில் நான்கு பகுதிகள் உண்டு. கயாலில் ஸ்தாயி, அந்தரா என்று இரண்டே. நம் பல்லவி, அனுபல்லவியை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்தாயி என்ற பகுதி கீழ்ச் சுரங்களிலும் நடுச் சுரங்களிலும் உலவும். அந்தரா மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறும். மொத்தம் நாலைந்து வரிகளுக்கு மேல் இருக்காது. துருபத் பகாவஜ் என்ற கனத்த மிருதங்க வகையோடு, சௌதாலம் போன்ற தாளங்களில், சொற்களின் வடிவம் குலையாமல் பாடப்படும். கயாலில் பாடகருக்குச் சுதந்திரம் அதிகம். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ராகத்தை விரித்துக்கொண்டே போகலாம். தான் எனப்படும் வேகமான சுரக் கோவைகளை அள்ளி வீசலாம். அந்தச் சுதந்திரம் கட்டின்றிச் சிதறிவிடாமல் இருக்க, ராகத்தின் முகத்தை முதல் வரியிலேயே காட்டிவிடும் ஒரு பாட்டு வேண்டும். சதாரங்கின் பாடல்களுக்கு வித்வான்கள் இன்றும் தரும் மதிப்பு இதனால்தான். அவருடைய ஸ்தாயியை ஒழுங்காகப் பாடம் செய்தவருக்கு அந்த ராகத்தின் நடை, எங்கே நிற்க வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதெல்லாம் பாட்டோடு சேர்ந்தே கைக்கு வந்துவிடும்.

மொழியிலும் அவர் ஒன்றோடு நின்றுவிடவில்லை. பெரும்பாலானவை பிரஜ் மொழியில் உள்ளன. பஞ்சாபி கலந்தவையும் உண்டு. காதலனுக்குக் காத்திருக்கும் பெண், மழைக்காலம், வசந்தம், கண்ணன், சூஃபி ஞானிகள், அரசனின் புகழ் என்று பொருள்களும் பல. முத்திரையை அந்தராவில் வைப்பது அவர் வழக்கம். தமிழகத்து ரசிகர்களுக்கு இந்த முறை புதிதன்று. க்ஷேத்ரக்ஞர் முவ்வ கோபாலன் பெயரை வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் குருகுஹனை வைத்தார். அங்கே முத்திரை தெய்வத்தைச் சுட்டியது. சதாரங்கோ தம்மையும் தம் அரசரையும் ஒரே தொடரில் பிணைத்துவிட்டார். ஆட்சியில் தோற்ற முகம்மது ஷாவின் பெயர் இன்று அன்றாடம் உச்சரிக்கப்படுகிறது என்றால் அது இந்தப் பாடல்களால்தான்.

அந்நாளைய தில்லியில் சதாரங்கை நேரில் கேட்டு எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. ஹைதராபாத் நிஜாமின் பரிவாரத்தோடு 1738இல் தில்லிக்கு வந்து 1741 வரை தங்கிய இளைஞர் தர்கா குலி கான். அவருடைய பாரசீகக் குறிப்புகள் பின்னாளில் ‘முரக்கா-ஏ-தெஹ்லி’ என்ற பெயர் பெற்றன. தர்காக்கள், சந்தைகள், கவிஞர்கள், பாடகர்கள், நாட்டியக்காரிகள் என்று ஒரு நகரத்தின் மாலைப்பொழுதுகளை அப்படியே பிடித்துத் தரும் நூல் அது. நியாமத் கானைப் பற்றி எழுதும்போது அவர் பேனா தயங்குவதே இல்லை. இந்துஸ்தானத்துக்குக் கிடைத்த பேறு என்கிறார். பழைய இசை நாயகர்களுக்கு இணை என்கிறார். தில்லிக் கலைஞர்கள் அனைவருக்கும் இவரே ஆசான் என்கிறார். ஒவ்வொரு மாதமும் 11ஆம் நாள் நியாமத் கானின் வீட்டில் இசைக்கூட்டம் நடக்கும். அது விடிய விடிய நீளும். அரசவையின் கலைஞர் தம் வீட்டுத் திண்ணையை நகரத்துக்குத் திறந்துவைத்தார் என்று இதைக் கொள்ளலாம். அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் சிதார் வாசிப்பதையும் அந்த நூல் வியந்து குறிப்பிடுகிறது. சிதாரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று.

டோலக் வாசித்த ஹுசைன் கான், பகாவஜ் வாசித்த காசிராம் என்று எத்தனையோ கலைஞர்கள் அந்த ஏடுகளில் நடமாடுகிறார்கள். நியாமத் கானின் மாணவர்களில் பெண்களும் இருந்தனர். பன்னா பாய் அவர்களில் ஒருவர். பாடகிகளில் பெரும் புகழ் பெற்றவர் நூர் பாய். யானை மேல் பரிவாரத்தோடு வருவார். அவர் வீட்டு வாசலில் பிரபுக்களின் வாகனங்கள் நெரியும். அவருக்குப் பரிசளித்தே சொத்தை அழித்தவர்கள் பலர் என்று தர்கா குலி கான் எழுதுகிறார். பேச்சுச் சாதுரியத்திலும் கவிதை அறிவிலும் அவருக்கு நிகர் இல்லையாம். ஆண் கலைஞர்களின் வரலாற்றை மட்டும் எழுதிவிட்டுப் போகும் இசை நூல்கள் இந்தப் பெண்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அது பெரிய இழப்பு. கேட்ட பாட்டை வீடு வீடாகக் கொண்டுசேர்த்ததில் அவர்கள் பங்கு கொஞ்சமன்று.

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஆபரா என்னும் இசை நாடகத்தின் ஈடற்ற பாடகராக விளங்கியவர் ஃபரினெல்லி. 1705இல் இத்தாலியில் பிறந்த அவர், லண்டன் அரங்குகளைக் கலக்கிவிட்டு 1737இல் ஸ்பெயின் சென்றார். மனச்சோர்வால் முடங்கிக் கிடந்த அரசர் ஐந்தாம் பிலிப்புக்கு இரவுதோறும் பாடும் பணி அவருக்குக் கிடைத்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் மாட்ரிட் அரண்மனையிலேயே செல்வாக்கோடு வாழ்ந்து, 1782இல் இத்தாலியில் இறந்தார். மாட்ரிட்டிலும் தில்லியிலும் அரசனின் மனத்துக்கு மருந்தாகப் பாடகன் தேவைப்பட்டான். ஃபரினெல்லியைப் பற்றிக் கடிதங்கள், ஓவியங்கள், நேர்காணல் குறிப்புகள் எல்லாம் குவிந்துள்ளன. சதாரங்கின் வாழ்க்கையைப் பற்றியோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குறிப்புகள் உண்டு. ஆனால் ஃபரினெல்லி பாடியதில் பெரும்பகுதி பிறர் எழுதிய இசை; அந்தக் குரலோடு அந்தப் பாணியும் போய்விட்டது. சதாரங்கின் பாடல்கள் ஆசான் வாயிலிருந்து மாணவன் வாய்க்கு இறங்கி உயிரோடு இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் இவருடைய வாழ்வே நிறைவானது.

1739 பிப்ரவரியில் ஈரானின் நாதிர் ஷா கர்னால் போரில் முகலாயப் படையைத் தோற்கடித்தார். மார்ச் மாதம் தில்லிக்குள் நுழைந்தார். அவர் படைவீரர்கள் சிலரை மக்கள் தாக்கியதைத் தொடர்ந்து, மார்ச் 22 அன்று சாந்தினி சௌக் பகுதியில் படுகொலை நடந்தது. காலையில் தொடங்கி மாலை வரை, 20,000 முதல் 30,000 பேர் வரை மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. மே மாதம் அவர் திரும்பியபோது மயிலாசனமும் கோஹினூர் வைரமும் அவரோடு போயின. நூர் பாயின் பாட்டில் மயங்கிய நாதிர் ஷா அவரையும் ஈரானுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார் என்றும், அந்தப் பாடகி உடல்நலம் இல்லை என்று சொல்லித் தப்பினார் என்றும் ஒரு செய்தி உண்டு. கோஹினூர் அரசரின் தலைப்பாகையில் ஒளித்து வைக்கப்பட்டதை நாதிருக்குச் சொன்னவரே நூர் பாய்தான் என்பது கட்டுக்கதை.

படையெடுப்புக்குப் பின் முகம்மது ஷாவுக்குப் பாட்டின் மேலிருந்த ஆர்வம் தணிந்தது. ஆனால் தர்கா குலி கான் நியாமத் கானின் இரவுக் கச்சேரிகளை எழுதியது இந்தப் பேரழிவை ஒட்டிய ஆண்டுகளில்தான் என்பதை மறக்கக் கூடாது. கொள்ளை போன நகரத்தில், பிணங்கள் கிடந்த தெருக்களில், மீண்டும் விளக்கேற்றி விடியும்வரை பாடியிருக்கிறார்கள். கேளிக்கையில் மூழ்கி அழிந்த தில்லி என்று அந்தக் காலத்தைப் பழிப்பது எளிது. பிழைத்தெழுந்த மக்கள் எதைப் பற்றிக்கொண்டு எழுந்தார்கள் என்று பார்த்தால் அந்தப் பழி நிற்காது.

நியாமத் கான் 1740களின் பிற்பகுதியில் மறைந்தார். முகம்மது ஷா 1748 ஏப்ரலில் இறந்தார். அவருடைய கல்லறை நிஜாமுதீன் தர்கா வளாகத்தில், அமீர் குஸ்ரோவின் சமாதிக்கு அருகில், பளிங்குத் தடுப்புகளுக்குள் இருக்கிறது.

சதாரங்கின் மரபை ஏந்தியவர் ஃபிரோஸ் கான். நெருங்கிய உறவினரான அவர் அதாரங் என்ற முத்திரையில் பாடல்கள் இயற்றினார். சதாரங், அதாரங் என்ற இரு பெயர்களும் இசையுலகில் இரட்டையாகவே சொல்லப்படும். தில்லி நிலைகுலைந்ததும் அவர் ரோகில்கண்ட் பக்கம் சென்றார். 1757இல் அகமது ஷா அப்தாலியின் கொள்ளை தில்லியை மறுபடியும் சூறையாடியது. கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக அவத்துக்கும் வங்காளத்துக்கும் இராஜபுத்திர நாடுகளுக்கும் பெயர்ந்தனர். ஒரு நகரத்தின் துன்பம் இசைக்கு விரிவாக அமைந்தது. தில்லியின் சொத்தாக இருந்த கயால் வடநாடு முழுவதற்கும் உரியதானது. லக்னோவிலிருந்து குவாலியருக்குப் போன கவ்வால் குடும்பத்தில் நத்தன் பீர் பக்ஷும் அவருடைய பேரர்கள் ஹத்து கான், ஹஸ்ஸு கானும் தோன்றினர். கரானாக்கள் எனப்படும் கயால் பரம்பரைகளில் மூத்ததாகிய குவாலியர் கரானா அவர்களால் உருவானது. பாலகிருஷ்ண புவா இச்சல்கரஞ்சிகர் அந்தப் பாடாந்தரத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாராஷ்டிரத்துக்குக் கொண்டுவந்தார்.

பாடல்களை எழுத்தில் நிலைநிறுத்தியவர் பம்பாய் வழக்கறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. அவருடைய பயணத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1904இல் எட்டயபுரம் வந்து, ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேளகர்த்தா முறை அவரை ஆட்கொண்டது. வடநாட்டு ராகங்களைத் தாட் எனப்படும் பத்துப் பிரிவுகளாக வகுக்கும் யோசனைக்கு அது தூண்டுதலாயிற்று. பிறகு கரானா வித்வான்களிடம் கெஞ்சியும் மாணவராக அமர்ந்தும் நூற்றுக்கணக்கான பாடல்களை ஸ்வரப்படுத்தி, ‘க்ரமிக் புஸ்தக் மாலிகா’ என்று ஆறு பகுதிகளாக வெளியிட்டார். அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் சதாரங்கின் முத்திரை அடிக்கடி கண்ணில் படும்.

அவை அனைத்தும் அவர் இயற்றியவைதாமா என்பது நியாயமான கேள்வி. வாய்வழி மரபில், புகழ்பெற்ற பெயரைத் தம் பாட்டில் வைத்துவிடும் வழக்கம் பிற்காலத்தாருக்கு இருந்தது. ஒரே பாட்டு ஒரு கரானாவில் ஒரு தாளத்திலும் இன்னொன்றில் வேறு தாளத்திலும் கிடைக்கிறது. இன்று மிக மெதுவான விளம்ப காலத்தில் பாடப்படும் பெரிய கயால், அவர் நாளில் இவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்காது. அந்தக் காலப்பிரமாணம் 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. ஆகவே சதாரங் பாடியதை அப்படியே இன்று கேட்கிறோம் என்று சொல்வதற்கில்லை. ராகத்தை முதல் வரியிலேயே நிறுத்தும் அந்தக் கட்டமைப்பில் அவர் கை இருப்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இந்துஸ்தானி இசை பழக்கமில்லாதவர்களும் சதாரங்கை அடையாளம் காண முடியும். குவாலியர் அல்லது ஆக்ரா கரானாவின் பழைய பதிவு எதையாவது எடுத்துக்கொண்டு, அந்தரா மேல் ஷட்ஜத்தைத் தொட்டு இறங்கும் இடத்தில் சொற்களைக் கவனித்துக் கேளுங்கள். முகம்மது ஷாவின் பெயரும் சதாரங்கின் பெயரும் பல பாட்டுகளில் அங்கேதான் வரும்.